தானேயில் சாய்ந்த பலாவும் ஓர் எலெக்ட்ரிக் கிட்டாரும்

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிக்கு அருகே என் மாமாவின் தோப்பில் இருந்த பலா மரங்களில் தப்பி நின்றவை இரண்டே இரண்டு. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்தத் தோப்பை நாங்கள் போய்ப் பார்த்தது பொங்கலுக்குப் பிறகுதான். அதற்குள் வியாபாரிகள் வந்து, கிட்டத்தட்ட விறகு விலைக்குப் பெரும்பாலான மரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒரு மரத்தை மட்டும் மாமா கொடுக்க மறுத்துவிட்டார். அது அவருடைய அப்பா கன்றாக வைத்தது. அடிமரத்தை அறுவை மில்லில் கொடுத்து இரண்டங்குலப் பலகைகளாக அறுத்து வாங்கி, மாட்டுக் கொட்டகையின் பரணில், பலகைக்கும் பலகைக்கும் இடையே காற்றோட ரீப்பர் துண்டுகளைச் செருகி அடுக்கிவிட்டார். என்ன செய்யப் போகிறோம் என்று அப்போது அவருக்கே தெரியாது. பத்தாண்டு கழித்து அதிலிருந்து ஒரு பலகை வேண்டும் என்று நான் கேட்டபோது, "கதவு செய்யப்போறியா?" என்றார். கிட்டார் என்றேன். பலகையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு, "வீணைக்குத்தான் கேப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாவைத் தேடிப்போய் வாங்குவது பழைய வழக்கம். மிருதங்கக் கட்டைக்கும் அதே மரந்தான். வைரம் பாய்ந்த பலா எடைக்கு மிஞ்சிய உறுதி கொண்டது, கரையான் எளிதில் தொடாது, குடைந்தால் விரிசல் விடாமல் நிற்கும், தட்டினால் பேசும். இத்தனை குணமும் உள்ள மரத்தில் எலெக்ட்ரிக் கிட்டார் செய்தால் அது எப்படி ஒலிக்கும் என்ற கேள்வி என்னைப் பல நாள் பிடித்து ஆட்டியது. அந்தக் கேள்வியோடு நான் செலவிட்ட இரண்டு ஆண்டுகளில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பலாவின் பெருமையைப் பாடுவதற்காக எழுத உட்கார்ந்தேன் என்பதையும், அது வேறெங்கோ கொண்டுபோய் விட்டது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிட்டார்க்காரர்கள் மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சமையல்காரர்கள் மசாலாவைப் பற்றிப் பேசுவதைப் போல இருக்கும். ஆல்டர் சமமான ஒலி தரும், ஆஷ் பளிச்சென்று இருக்கும், மஹோகனி கனிந்த குரல், மேப்பிள் கூர்மை, பாஸ்வுட் சப்பென்று இருக்கும். இருபது வயதில் இந்தப் பட்டியல் எனக்கு மனப்பாடம். இதை நம்பித்தான், கடனும் உடனும் வாங்கி, ஃபெண்டர் கம்பெனியின் டெலிகாஸ்டர் வடிவத்தில் ஒரு கிட்டாரை, மற்றதைவிட ஆறாயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து, மஹோகனி பாடி என்று கடைக்காரர் சொன்ன ஒரே காரணத்துக்காக வாங்கினேன். நான்கு ஆண்டுகள் அதன் மஹோகனிக் கனிவைப் பற்றி நண்பர்களிடம் ஓயாமல் பேசியிருக்கிறேன். ஓர் ஐப்பசி மழையில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மேல்தோல் உப்பி எழும்பியது. நகத்தால் நெம்பியபோது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத சிவப்பு வெனீருக்கு அடியில், மூன்று துண்டாக ஒட்டிய, தீப்பெட்டிக் குச்சியைப் போல வெளுத்த ஏதோ ஒரு மரம் தெரிந்தது. கடைக்காரர் மீது வந்த கோபம் இரண்டு நாளில் ஆறிவிட்டது. நான்கு ஆண்டுகளாக என் காது எதைக் கேட்டுக்கொண்டிருந்தது என்ற கேள்விதான் ஆறவில்லை.

அந்தக் கிட்டாரின் நெக்கும் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து), பிரிட்ஜும், தந்தியின் அசைவை மின்சாரமாக்கும் பிக்கப்புகளும் நன்றாகவே இருந்தன. டெலிகாஸ்டர் வகையின் வசதி என்னவென்றால் நெக் நான்கு ஸ்குரூவில் பாடியோடு பிணைக்கப்பட்டிருக்கும். கழற்றி வேறு பாடியில் மாட்டலாம். ஆக, புதிதாகச் செய்ய வேண்டியது பாடி மட்டுமே. வில்லியனூர்ப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஓர் ஆசாரியிடம் பலாப் பலகையையும் அட்டையில் வெட்டிய அளவு வடிவத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவு, நிலை, சாமி பீடம் எல்லாம் செய்து பழகிய கை; கிட்டார் அதுதான் முதல் முறை. பலகையைத் தோளுயரத்துக்குத் தூக்கி, விரல் கணுவால் தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு அவர் கேட்டார்: "தம்பி, இதுல செஞ்சா வீணை மாதிரி பேசுமா?"

பேசும் என்றுதான் அன்றைக்கு நான் சொன்னேன். ஏன் பேசாது என்பது, வீணையில் என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தபோதுதான் புரிந்தது. வீணையில் தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்தின் மேற்பலகைக்கு இறங்குகிறது. பலகை அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது. நம் காதுக்கு வருவது அந்தக் காற்று. தந்தி தனியாக எழுப்பும் ஓசை ஒன்றுமே இல்லை எனலாம். ஆகையால் வீணையின் மரம் தந்தியிடமிருந்து சக்தியை வாங்கியே ஆக வேண்டும். வாங்கத் தெரிந்த மரம் நல்ல மரம். எலெக்ட்ரிக் கிட்டாரில் கதை தலைகீழ். காந்தத்தைச் சுற்றி, ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக் கனமுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றி வைத்திருப்பதுதான் பிக்கப். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் பிக்கப் ஒன்றில் ஏறக்குறைய 8,000 சுற்று இருக்கும். அதற்கு மேலே எஃகுத் தந்தி அசையும்போது காந்தப்புலம் மாறி, கம்பியில் மின்சாரம் பிறக்கிறது. பிக்கப்புக்குக் காது கிடையாது. காற்றின் அதிர்வு அதற்குத் தெரியாது. தனக்கு மேலே இரும்பு அசைகிறதா, எப்படி அசைகிறது என்பது மட்டுமே தெரியும். இங்கே மரம் தந்தியிடமிருந்து சக்தியை வாங்கினால் அது வாங்கியது அல்ல, திருடியது. பாடி எவ்வளவு அசையாமல் நிற்கிறதோ அவ்வளவு நேரம் தந்தி தன் அதிர்வை வைத்துக்கொள்ளும், கார்வை நீளும்.

வரலாற்றைப் பார்த்தால் இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது. 1932-இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'வாணலி' கிட்டார் முழுக்க வார்ப்பு அலுமினியம். அதில் மரமே கிடையாது. கிட்டார் கலைஞர் லெஸ் பால் 1940 வாக்கில் செய்த 'கட்டை' என்ற கருவியின் நடுவில் இருந்தது நாலங்குலத்துக்கு நாலங்குலப் பைன் சட்டம், வீட்டுக் கூரைக்குப் போடுகிற சாமான். அந்தக் கட்டையோடு போய் வாசித்தபோது கேட்டவர்கள் கண்டுகொள்ளவில்லை என்றும், ஓர் எபிஃபோன் கிட்டாரை இரண்டாக அறுத்து அதன் பக்கங்களைக் கட்டையின் இருபுறமும் பொருத்திக்கொண்டு போனதும் பாராட்டினார்கள் என்றும் அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. ஒலிக்கு அந்தப் பக்கங்கள் எதுவும் செய்யவில்லை. கிட்டார் என்றால் கிட்டாரைப் போல இருக்க வேண்டும் என்று கண் எதிர்பார்த்தது. கண் நிறைந்த பிறகே காது திறந்தது.

லியோ ஃபெண்டரின் கதையும் ஏறத்தாழ அப்படித்தான். ரேடியோ பழுதுபார்த்த அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. 1950-இல் அவர் கொண்டுவந்த கிட்டாரின் முன்மாதிரிகள் பைன் மரத்தில் செய்யப்பட்டவை. உற்பத்திக்குப் போனபோது ஆஷ் வந்தது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் ஆஷ்தான். 1956 வாக்கில் ஆல்டருக்கு மாறினார்கள். ஆஷில் துவாரம் அதிகம், நிரப்பி இழைத்துத்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். ஆல்டரில் அந்த வேலை குறைவு, கிடைப்பதும் எளிது. ஆனால் மஞ்சள் கலந்த வெளிறிய நிறம் பூசிய கிட்டார்களுக்கு மட்டும், ரேகை தெரிய வேண்டும் என்பதற்காக, ஆஷையே வைத்துக்கொண்டார்கள். தொழிற்சாலையின் செலவுக் கணக்கும் பெயின்ட்டும் தீர்மானித்த ஒன்றை, இரண்டு தலைமுறை கழித்து நாம் ஒலியின் இலக்கணமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அந்த ஆஷ் மரங்களைத் துளைப்பான் வண்டு அழித்துவருவதால் 2020-இல் ஃபெண்டர் தன் வழக்கமான உற்பத்தியில் அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இதற்கு ஒலியைக் காரணம் சொல்லி ஒப்பாரி வைத்தவர்கள் பலர்.

பட்டறைக்கு வருகிறேன். பலாப் பலகையை இழைக்கத் தொடங்கியதும் கொட்டிய சுருள்கள் மஞ்சள் தூளைப் போல இருந்தன. மஞ்சள் என்றால் வெளிர் மஞ்சள் அல்ல. பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் காய்ச்சிய மஞ்சள். ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஓடியது, அதைத் தள்ளிவிட்டோம். இழைப்புளி ஒரு கை தூரம் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்த கை தூரம் பிய்த்துக்கொண்டு நிற்கும். பலாவில் ரேகை ஒரு பட்டை இந்தப் பக்கமும் அடுத்த பட்டை எதிர்ப்பக்கமும் சாய்ந்து பின்னிக்கொண்டு வளர்வது உண்டு என்பதை ஆசாரி சொல்லாமல், பலகையைத் திருப்பிப் போட்டு, ஒரு சாண் இழைத்து, மறுபடி திருப்பிப் போட்டுக் காட்டினார். அந்தப் பின்னல்தான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பட்டுப்புடவையின் இரட்டை நிறத்தைப் போலப் பட்டை பட்டையாக மாறுகிறது. பிக்கப்புக்குக் குழி எடுக்கவும் ஒயர் போகத் துளை போடவும் ஒரு முழு நாள் பிடித்தது. முடிந்த பாடி 2.3 கிலோ.

இதற்குள் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மரம் வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. புதுச்சேரியில் இருப்பவனுக்கு அதற்குப் பஞ்சமில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது இறங்கும் தூண், உத்திரம், கதவு நிலைகளை வாங்கி விற்கும் மரக்கடைகள் இங்கே பல உண்டு. பர்மா தேக்கு என்று அவர்கள் சொல்வதில் எவ்வளவு பர்மா, எவ்வளவு பேச்சு என்று கேட்கக் கூடாது. நான் வாங்கிய உத்திரத் துண்டில் ஆணி இருந்த இடமெல்லாம் கறுப்பு வளையம். உள்ளே முறிந்து கிடந்த ஓர் ஆணி ரவுட்டர் பிளேடைத் தின்றுவிட்டது. அறுத்ததும் பழைய தோல்பையைத் திறந்ததைப் போன்ற மணம். அந்தப் பாடி 2.7 கிலோ. வெனீர் உரிந்த பழைய பாடியோ 1.8 தான். ஒரே நெக், ஒரே பிக்கப், ஒரே பிரிட்ஜ் என்றிருக்க, மூன்று பாடிகள் கையில் இருந்தன.

பழைய பாடியை முதலிலேயே ஒதுக்கிவிட்டு, பலாவையும் தேக்கையும் பதிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் புதுத் தந்தி போட வேண்டியிருந்தது, ஏனென்றால் கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் முத்தியால்பேட்டையில் வசிப்பவனுக்குத் தந்தி பத்து நாளில் துரு ஏறி மழுங்கிவிடும். பாடியில் பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டுக்கு நேரே மட்டும் மீட்டினேன். முதல் பதிவைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேக்கு பளீரென்று முன்னால் வந்து நின்றது. பலா ஓரடி பின்னால், தடித்த, இருண்ட குரலில் பேசியது. இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தை அன்றிரவே பாதி எழுதினேன். மறுநாள் ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால், தேக்குப் பாடியில் பிக்கப், ஸ்குரூ ஒன்றரைச் சுற்று அளவுக்குத் தந்திக்கு நெருங்கி நின்றது. தள்ளிவிட்டு மறுபடி பதிந்தேன். பளீரும் போயிற்று, இருளும் போயிற்று.

பிறகு இரண்டிலும் ஆறாறு துணுக்குகளை எடுத்து, வரிசையைக் கலைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பாடகர் குழுவுக்குக் கிட்டார் வாசிக்கும் நண்பன் ஒருவனைக் கேட்க வைத்தேன். என்னைவிடக் கூர்மையான காது அவனுக்கு. பன்னிரண்டில் ஏழு சரியாகச் சொன்னான். பூவா தலையா போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதேதான் வந்திருக்கும். விளையாட்டாக, ஒதுக்கி வைத்திருந்த பழைய பாடியில் பதிந்த துணுக்கு ஒன்றையும் இடையில் சேர்த்திருந்தேன். அதைக் கேட்டுவிட்டு, "இது கண்டிப்பா பலா" என்றான்.

ஒரு வீட்டில், ஒரு நண்பனை வைத்துச் செய்ததை விஞ்ஞானம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதைவிடத் துணிந்து செய்தவர்கள் உண்டு. நாஷ்வில் நகரத்துக் கிட்டார் கலைஞர் ஜிம் லில், பாடியும் இல்லாமல் நெக்கும் இல்லாமல், இரண்டு மேசைகளுக்கு நடுவே தந்திகளை இழுத்துக் கட்டி, பிக்கப்பை அதே உயரத்தில் நிறுத்தி வாசித்துக் காட்டியிருக்கிறார்; தன்னுடைய நல்ல டெலிகாஸ்டருக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினமாக இருந்தது. பிக்கப்பின் உயரம், அது தந்தியின் எந்த இடத்துக்கு நேரே இருக்கிறது, எத்தனை சுற்று, வால்யூம் குமிழின் மின்தடை, ஆம்ப், ஸ்பீக்கர் ஆகியவையே ஒலியின் பெரும்பங்கைத் தீர்மானிக்கின்றன. கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகும் கேபிளை மூன்று மீட்டரிலிருந்து ஒன்பது மீட்டராக மாற்றிப் பாருங்கள். மேல்ஸ்தாயி மழுங்குவது யார் காதுக்கும் தெரியும். கேபிள் நீளத்தைப் பற்றி யாரும் கவிதை எழுதுவதில்லை.

அப்படியானால் மரத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, ஆனால் நாம் தேடும் இடத்தில் இல்லை. தந்தி இரண்டு முனைகளில் கட்டப்பட்டிருக்கிறது. பிரிட்ஜ் பக்கம் கனமான, குட்டையான பாடி. அது லேசில் அசையாது. மறுமுனையோ அறுபது சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு, ஓரங்குலக் கனத்தில் ஒல்லியாக, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கப்பட்ட நெக். அசைவதற்கு அதைவிடத் தோதான அமைப்பு வேறில்லை. ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஆய்வாளர் இதை 1990-களில் அளந்து காட்டினார்: நெக் எந்த அதிர்வெண்ணில் தானாக அசைய விரும்புகிறதோ, அந்த அதிர்வெண்ணுக்கு நெருங்கிய ஸ்வரத்தை அது தந்தியிடமிருந்து உறிஞ்சிவிடுகிறது, அந்த ஃபிரெட்டில் (வீணையின் மெட்டைப் போன்றது) மீட்டினால் கார்வை சட்டென்று அறுந்துவிடும். என் கிட்டாரில் மூன்றாம் தந்தியின் பன்னிரண்டாம் ஃபிரெட்டை ஒட்டி அப்படி ஒரு செத்த இடம் மூன்று பாடிகளிலும் மாறாமல் இருந்தது. நெக்கின் நுனியில் ஆசாரியின் இரும்பு கிளாம்ப் ஒன்றைக் கவ்வவிட்டு மீட்டினேன். அந்த ஸ்வரம் பிழைத்துக்கொண்டது, இரண்டு ஃபிரெட் கீழே இன்னொன்று செத்தது. ஆசாரிக்கு இது வேடிக்கையாக இருந்தது. கிளாம்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரு டீ ஆறும் வரை அவரே மீட்டிக்கொண்டிருந்தார்.

ஆகவே மரத்துக்குக் காசு செலவழிப்பதாக இருந்தால் நெக்குக்குச் செலவழியுங்கள் என்பது என் கட்சி. அதிலும் நம் கடற்கரைக்கு. இங்கே காற்றில் ஈரப்பதம் எழுபது, எண்பது சதவீதம் சாதாரணம்; 75 சதவீத ஈரக் காற்றில் வெகுநாள் இருக்கும் மரம் தன் எடையில் ஏறக்குறைய 14 சதவீதம் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும்; 50 சதவீதக் காற்றில் அது ஒன்பதாகக் குறையும். இரவெல்லாம் ஏசி ஓடும் அறைக்கும் வெளித் திண்ணைக்கும் போய்வரும் கிட்டார் இந்த இரண்டுக்கும் நடுவே ஊசலாடுகிறது. நெக்கின் மேல் ஒட்டிய ஃபிங்கர்போர்டு சுருங்கும்போது ஃபிரெட்டின் முனைகள் வெளியே நீட்டி விரலைக் கீறும். மழைக்காலத்தில் நெக் வளைந்து தந்தி மேலே ஏறிவிடும். வழக்கமாக நெக்குக்குப் போடும், குளிர்நாட்டுக் காற்றுக்கு ஏற்ற மேப்பிள், பச்சையிலிருந்து முழுக்க உலரும்போது குறுக்கே, அதாவது வளையங்களை ஒட்டிய திசையில், பத்து சதவீதத்தை ஒட்டிச் சுருங்கக்கூடியது. தேக்கு ஐந்தை ஒட்டித்தான். வளையாமல் நிற்கும் விறைப்பில் இரண்டும் ஏறக்குறைய சமம் என்பது எனக்குப் பெரிய ஆச்சரியம். எடையிலும் தேக்கு சற்றுக் குறைவு. கப்பல் கட்டியவர்களுக்கும் நம் ஊர்க் கதவு நிலைகளுக்கும் தெரிந்த விஷயந்தான்.

அதனால் மிச்சமிருந்த உத்திரத்தில், ரேகை செங்குத்தாக நிற்கும் பக்கத்தைப் பார்த்து அறுத்து, தேக்கிலேயே ஒரு நெக் செய்தோம். தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. தின்னர் போட்டுத் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும். முதல் முறை துடைக்காமல் ஒட்டி, ஃபிங்கர்போர்டு ஒரே வாரத்தில் வாயைப் பிளந்தது. அந்த ஃபிங்கர்போர்டு தோதகத்தி, அதாவது ரோஸ்வுட். மரமாக வாங்கவில்லை, 1994-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டுக் காத்த மரத்தை அப்போது அப்படி எளிதாகக் கேட்டு வாங்கவும் முடியாது. ஆசாரியின் கொல்லையில் கிடந்த பழைய கட்டில் ஒன்றின் பக்கச் சட்டத்தை அறுத்து எடுத்தோம். உலகக் கிட்டார்கள் பலவற்றில் விரல் படும் இடத்தில் இந்த மரமோ இதன் உறவினமோதான் இருந்தது. 2017 ஜனவரியில் தோதகத்திக் குடும்பம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது கிட்டார்க் கம்பெனிகள் மாற்று மரம் தேடி அலைந்தன. 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது.

தோதகத்தி ஒலியைக் கனிய வைக்கும் என்பதை நான் ஏற்கவில்லை. ஃபிரெட்டை அழுத்தும்போது தந்தி தொடுவது உலோகத்தை. மரத்தை அது தொடுவதே இல்லை. தொடுவது விரல். வழவழவென்று அரக்கு பூசிய மேப்பிளில் விரல் ஒருவிதமாக நகர்கிறது, பூச்சில்லாத தோதகத்தியில் வேறுவிதமாக நகர்கிறது. தந்தியை இழுத்து வளைக்கும் கமகத்தில் அது நன்றாகத் தெரியும். கருங்காலி இன்னும் இறுக்கம், இன்னும் வழுக்கல். அதை இன்றைக்குக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்கிறவர்களின் எண்ணிக்கை, கிட்டாரில் வைத்து வாசிப்பவர்களைவிட நூறு மடங்கு இருக்கும்.

ஆம்பில் இணைக்காமல் மடியில் வைத்து வாசித்தால் மட்டும் பலாவுக்கும் தேக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். பலா சத்தமாகப் பேசுகிறது; விலா எலும்பில் அதன் அதிர்வு தெரிகிறது. தேக்கு ஊமை. இந்த அதிர்வு கேபிளுக்குள் போவதில்லை, ஆனால் வாசிப்பவனுக்குள் போகிறது. பலாவை மடியில் வைத்தால் நான் மெதுவாக, இடைவெளி விட்டு வாசிக்கிறேன். தேக்கில் ஓங்கி அடிக்கிறேன். மரம் ஒலியை மாற்றுகிறது என்று சத்தியம் செய்யும் பழம் தின்று கொட்டை போட்ட கிட்டார்க்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்காததற்கு இதுதான் காரணம். அவர்கள் உடம்பால் கேட்டதைக் காதின் கணக்கில் எழுதுகிறார்கள். எடையும் அப்படித்தான்: 4 கிலோவைத் தாண்டிய தேக்குக் கிட்டாரை மூன்று மணி நேரக் கச்சேரியில் தோளில் தொங்கவிட்டால், கடைசி அரைமணி நேரத்தின் வாசிப்பில் மரம் நிச்சயமாகக் கேட்கும்.

தோற்றத்தைப் பற்றித் தயக்கமே இல்லாமல் பேசலாம். அங்கே மரம்தான் ராஜா. 1952-இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் மஹோகனி மீது மேப்பிள் பலகை ஒட்டியிருந்தது, ஆனால் அதைத் தங்க நிறப் பெயின்ட் மூடியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. 1958-இல் பெயின்ட்டை எடுத்துவிட்டு, ஓரம் சிவந்து நடு மஞ்சளாகும் சாயத்தைப் போட்டார்கள். உள்ளே இருந்த தீ நாக்குகள் வெளியே வந்தன. 1960 வரை செய்த அவை இன்று மிக உயர்ந்த விலைக்குப் போகின்றன. அவற்றிலும் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்து, எலுமிச்சை நிறத்திலிருந்து தேநீர் நிறம் வரை ஒவ்வொன்றும் ஒரு நிறமாகிவிட்டன. குவீன் குழுவின் கிட்டார்க்காரர் பிரையன் மே 1963-இல் தன் தந்தையோடு சேர்ந்து தொடங்கிய சிவப்புக் கிட்டாரில் நெக் பழைய கணப்படுப்பின் மஹோகனிச் சட்டம். பாடியோ ஓக்கும், மரத் துண்டுகளை ஒட்டிச் செய்த பிளாக்போர்டும் (blockboard), மேலே மஹோகனி வெனீர். வெனீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கவலைப்பட்டுத் திரிந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

பலாப் பாடிக்குக் கொம்பரக்கில் பிரெஞ்சு பாலிஷ் போடலாம் என்று முடிவானது கார்த்திகையில். ஆசாரி கையை வைக்க மறுத்துவிட்டார். "மழ விடட்டும் தம்பி, இப்பப் போட்டா பால் படிஞ்ச மாதிரி வெளுத்துப் போவும்" என்றார். ஈரக் காற்றில் ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சுக்குள் நீர் தங்கி மங்கிவிடும் என்பது உண்மைதான். தை பிறந்த பிறகு, பஞ்சைத் துணியில் பொதிந்து, எட்டுப்போல வளைத்து வளைத்து, பதினோரு நாள் தேய்த்தார். மெல்லிய பூச்சுப் போட்டால் மரம் மூச்சு விடும், ஒலி திறக்கும் என்று இதற்கும் ஒரு சாஸ்திரம் உண்டு. வேரோடு சாய்ந்து பத்தாண்டு ஆன பலா மூச்சு விட்டால் நான்தான் பயப்பட வேண்டும். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் பட்டைகள் நகர்வதைப் பார்த்தபோது, "பேசலைன்னாலும் பரவால்ல, பாக்குறதுக்கு இருக்கு" என்றார் ஆசாரி. வீணைக் கேள்வியை அவர் மறக்கவில்லை.

இப்போது பலாப் பாடியில் தேக்கு நெக் மாட்டியிருக்கிறது. செத்த இடம் ஒரேயடியாகப் போகவில்லை. யாரும் அதிகம் போகாத பதினாறாம் ஃபிரெட்டுக்கு நகர்ந்திருக்கிறது. இரண்டு மழைக்காலம் தாண்டியும், நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதனுள் வைத்த டிரஸ் ராடை ஒரே ஒரு முறைதான் கால் சுற்றுத் திருப்பினேன்.

போன மாதம் வால்யூம் குமிழ் கரகரக்கத் தொடங்கியது. பண்ருட்டிக்குப் போயிருந்தபோது, மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பாடி முழுவதும் புதுப் பனைவெல்லத்தின் நிறத்துக்குப் பழுத்திருந்தது. கறுப்புப் பிக்கார்டுத் தகட்டின் ஸ்குரூக்களைக் கழற்றித் தூக்கியபோது, தகட்டின் வடிவத்துக்கு அச்சு எடுத்ததைப் போல, அடியில் மட்டும் அந்தப் பழைய மஞ்சள் அப்படியே இருந்தது. மாமா எட்டிப் பார்த்தார். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"மில்லுல அறுத்த அன்னைக்கு இப்படித்தான் இருந்துச்சு" என்றார்.